குருவில்லா வித்தை கருவில்லா முட்டை

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, மழை எப்போது பிடித்துக்கொள்ளுமோ என்று மடியில் குடையோடு உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"அழிந்தால் மீளாத பேரிழப்பு எது? ஆற்று ஓங்கிலா, பாடும் பறவையா?" இதுதான் இன்று நமக்குக் கொடுத்த தலைப்பு. டால்பினைத்தான் தமிழில் ஓங்கில் என்கிறோம். எதிரணித் தலைவர் அண்ணன் கங்கை ஓங்கிலுக்காக உருகிப் பேசினார். அதன் கண்ணில் வில்லையே கிடையாது, கலங்கல் தண்ணீரில் ஒலியை விட்டு, எதிரொலியை வாங்கி, அதை வைத்தே மீன் பிடித்து வாழ்கிறது என்றார். 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்து அதன் உலகம் மேலும் கீழுமாகத் துண்டான கதையைச் சொன்னார். சீனாவின் யாங்சி ஆற்றில் பைஜி என்ற ஓங்கிலை 2006இல் வாரக்கணக்கில் கப்பலில் போய்த் தேடியும் ஒன்றைக்கூடக் காணவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "பறவைக்கு இறக்கை இருக்கிறது. இந்தக் காடு போனால் அடுத்த காட்டுக்குப் பறந்துவிடும். ஆற்றை விட்டு ஓங்கில் எங்கே போகும்?"

மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த உயிருக்காக அண்ணன் படும் வருத்தம் உண்மையானது, அதை நான் மறுக்க வரவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். இறக்கை இருந்தால் போய்விடலாமா? பறவை எங்கே போகும்?

நம் நீலகிரியில் சோலைக்கிளி என்று ஒன்று இருக்கிறது. பெயரில்தான் கிளி. பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற கருநீலக் குருவி, விலாவில் செம்பழுப்பு பூசியது போல இருக்கும். உயரமான மலைகளின் சோலைக்காட்டுக்குள், வெயில் எட்டாத ஈரமான இடத்தில், தரையை ஒட்டித் திரியும். 2017இல் இதற்குப் புதிதாகப் பேரினப் பெயர் வைத்த அறிவியலாளர்கள் ஷோலிகோலா என்று வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம்முடைய சோலை, லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பறவை இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

இது சோலையை விட்டு வெளியே வராது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலம். காரில் அரை மணி நேரம். கணவாய்க்கு வடக்கே இந்த இனம், தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் இதன் ஒன்றுவிட்ட உறவு, அது வேறு இனம். மனிதன் காலடி வைப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பள்ளத்தை இவை கடக்கவில்லை. இறக்கை இருந்தும் கடக்கவில்லை. ஓங்கிலுக்கு ஆறு எப்படியோ, அப்படித்தான் இதற்குச் சோலை. அதனால் "பறந்துவிடும்" என்ற வார்த்தையை அண்ணன் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, வீடு இரண்டுக்கும் சமமாகப் போயிற்று. அப்படியானால் எது பேரிழப்பு? நான் பாட்டுக்கு வருகிறேன்.

நடுவர் அவர்களே, குயிலுக்குக் கூவல் பிறவியிலேயே வருகிறது. அதனால்தான் காக்கைக் கூட்டில் முட்டையாகக் கிடந்து, காக்கை ஊட்டி வளர்த்து, பகல் முழுவதும் கா கா கேட்டு வளர்ந்தாலும், பெரிதானதும் கூவுகிறது. கங்கை ஓங்கிலும் அந்த வகைதான். கடலில் வாழும் சில ஓங்கில்கள் சீழ்க்கை அடிக்கக் கற்றுக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கங்கையில் இருப்பது பெரும்பாலும் சொடுக்குப் போட்டது போன்ற ஒலிகளை விட்டே வழி தேடுகிறது. அந்த வித்தை உடம்போடு வருகிறது.

பாடும் பறவைகளுக்கு அப்படி இல்லை. கேட்டால்தான் பாட்டு. 1950களில் வில்லியம் தார்ப் என்ற ஆங்கிலேய அறிஞர் சாஃபிஞ்ச் என்ற குருவியின் குஞ்சுகளை, வேறு பறவையின் குரலே காதில் விழாத இடத்தில் வளர்த்தார். வேளாவேளைக்குத் தீனி, நல்ல கூண்டு, ஒரு குறையும் வைக்கவில்லை. வளர்ந்ததும் அவையும் வாயைத் திறந்து பாடின. ஆனால் அந்தப் பாட்டுக்கு அடக்கமும் இல்லை, அழகான முடிப்பும் இல்லை. குருவில்லா வித்தை கருவில்லா முட்டை என்று நம் பாட்டிகள் சொன்னது பறவைக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இன்னும் சில நாளில் டிசம்பர் சீசன் தொடங்கப் போகிறது. இந்தத் தெருவில் சபா சபாவாக ஏறி இறங்கப் போகிறீர்கள். ஒருவர் பாட ஆரம்பித்த இரண்டாவது நிமிடம், "இது இன்னாருடைய பாடாந்தரம்" என்று பக்கத்து நாற்காலி மாமி சொல்லிவிடுவார். அந்தப் பாடாந்தரம் ஏட்டில் இல்லை. குரு பாட, சிஷ்யன் கேட்டு, தப்பாகப் பாடி, திட்டு வாங்கி, திரும்பப் பாடி வந்தது. ஒரு தலைமுறைக்குச் சிஷ்யன் கிடைக்காமல் போனால் அது அங்கேயே நின்றுவிடும். பறவைக்கும் பாடாந்தரம் உண்டு. ஒரே இனம், மலைக்கு மலை வேறு பாணி.

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். ரீஜென்ட் ஹனிஈட்டர் என்று ஒரு பறவை, தேன் குடிப்பது, மைனா அளவு இருக்கும். கறுப்பும் மஞ்சளுமாக யாரோ நகாசு வேலை செய்தது போன்ற மார்பு. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூட்டமாக வந்து இறங்கியது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய முந்நூறு. யூகலிப்டஸ் காடுகளை விவசாய நிலத்துக்காக வெட்டியதுதான் முக்கியக் காரணம்.

இதில் ஒரு சிக்கல் பாருங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும்போது அப்பா பாட மாட்டார். பாடினால் குஞ்சைத் தின்ன வருகிறவனுக்கு முகவரி கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் கூட்டை விட்டு வெளியே வந்த பிறகு, பக்கத்துப் பக்கத்து மரங்களில் பாடும் பெரிய ஆண்களிடம்தான் குஞ்சு கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்து மரத்தில் ஆள் இருந்தால் பாடம் நடக்கும். முந்நூறு பறவை பல லட்சம் சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடந்தால்? அடுத்த ஆண் எத்தனையோ மைல் தள்ளி இருந்தால்?

அதற்கு விடை 2021இல் வெளிவந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஸ் கிரேட்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஐந்து வருடம் காடு காடாகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஆண் பறவைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குத் தன் இனத்தின் பாட்டே தெரியவில்லை. காதில் விழுந்த வேறு பறவைகளின் பாட்டைக் கற்றுக்கொண்டு அதையே பாடிக்கொண்டிருந்தன. பாவம், அதற்கு எது தன் பாட்டு என்று எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை. காதில் கேட்டதைப் பாடியது. பெண் பறவைக்கு அந்தப் பாட்டு புரியவில்லை, கூடு கட்ட வரவில்லை. பாட்டு மாறிப்போன ஆண்களுக்கு ஜோடி சேர்வது குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

நடுவர் அவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இதுதான் என் வாதத்தின் உயிர். பறவை உயிரோடு இருக்கிறது. இறகு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, பறக்கிறது, தேன் குடிக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் "ஒன்று" என்று எழுதிக்கொண்டு போவார். ஆனால் பாட்டு அதற்கு முன்பே போய்விட்டது. ஓங்கிலுக்கு ஒரு சாவு. பாடும் பறவைக்கு இரண்டு சாவு. முதல் சாவு எந்தக் கணக்கிலும் வராது.

ஓங்கிலைக் கணக்கெடுக்க முடிகிறது. எட்டு மாநிலம், 28 ஆறு, 8,500 கிலோமீட்டருக்கு மேல் படகில் போய் எண்ணி, 2025 மார்ச்சில் 6,327 என்று எண்ணிக்கை வெளியிட்டார்கள். அதில் 3 மட்டும் பியாஸ் ஆற்றில் இருக்கும் சிந்து ஓங்கில். 1991இலேயே பீகாரில் விக்ரமசீலா சரணாலயம், 2009இல் தேசிய நீர்வாழ் விலங்கு என்ற பெருமை, 2020இல் டால்பின் திட்டம். இது அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னும் வேண்டும். ஆனால் பாட்டின் பெயரில் ஒரு திட்டம் உண்டா? எத்தனை பறவை மிச்சம் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, அதில் எத்தனைக்குப் பாட்டு தெரியும் என்று கேட்கத் தோன்றியதா?

சிட்னியின் டாரோங்கா விலங்குக்காட்சி சாலையில் இந்தப் பறவையை வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். கூண்டில் பிறந்த குஞ்சுக்குக் காட்டுப் பாட்டு வரவில்லை. முதலில் பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு காட்டில் பிறந்த ஆண் பறவைகளையே ஆசானாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு ஆசானுக்குக் குஞ்சுகள் குறைவாக இருந்தால்தான் பாடம் ஏறுகிறது என்று கண்டார்கள். குருகுலம்தான். கடல் கடந்து போய், கூண்டுக்குள் குருகுலம் நடத்த வேண்டிய நிலைமை.

ஒரு சின்ன விஷயம், இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்தப் பறவை யூகலிப்டஸை வெட்டியதால் போகிறது. அதே யூகலிப்டஸை, நாம் தைல மரம் என்கிறோமே, அதை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் அங்கிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்டான். தைல மரமும் சீகை மரமும் தேயிலையும் சேர்ந்து நம் புல்வெளியையும் சோலையையும் மூடின. அங்கே வெட்டியதால் ஒரு பாட்டு போகிறது, இங்கே நட்டதால் ஒரு பாட்டு போகிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு கணக்கு சொன்னார். ஆற்று ஓங்கில் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் இனங்கள்தான், பைஜியோடு ஒரு குடும்பமே போயிற்று. பாடும் பறவையோ ஏறக்குறைய ஐயாயிரம் இனம், ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன என்றார். தம்பி, பறவையிலும் குடும்பத்தோடு போனவை உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஓஓ என்ற பறவைகள் இருந்தன. 2008இல் மரபணுவைப் பார்த்தபோதுதான் அவை தேன்குடிப் பறவைகளின் கிளை அல்ல, தனிக் குடும்பம் என்று தெரிந்தது. தெரிந்தபோது அந்தக் குடும்பத்தில் ஒருவரும் உயிரோடு இல்லை. எலி, கொசு கொண்டுவந்த மலேரியா, காடழிப்பு, மேலே புயல். காவாய்த் தீவில் கடைசி ஜோடியில் பெண் 1982இல் வந்த புயலுக்குப் பிறகு தென்படவில்லை. ஆண் மட்டும் இருந்தது. அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும். அது தன் வரியைப் பாடிவிட்டு நிறுத்தும். பெண்ணுக்கு இடம் விடும். பதில் வராது. திரும்பப் பாடும். கடைசியாக அதன் குரல் கேட்டது 1987இல்.

ஐயாயிரத்தில் ஒன்று என்று அதனிடம் போய் யார் சொல்வது?

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ஓங்கில் வலையில் தற்செயலாக மாட்டிச் சாகிறது, எண்ணெய்க்காகவும் சாகிறது. பறவைக்குத் தன் குரலே எமன். தென்கிழக்கு ஆசியாவில் வைக்கோல் நிறத் தலையோடு ஒரு சின்னான் உண்டு. நம் வீட்டு வாசலில் கொய்யா கொத்துகிற கொண்டைக்குருவிக்குப் பெரியப்பா முறை. அதன் பாட்டுக்கு இணை இல்லை என்பார்கள். அதனாலேயே பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். ஜாவா தீவின் காட்டில் இன்று அது இல்லை. அந்தத் தீவின் வீடுகளில் மட்டும் கூண்டுப் பறவைகள் ஆறு கோடிக்கு மேல் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. பாட்டுப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். பாடத் தெரிந்தவன் கூண்டுக்குப் போகிறான். காட்டில் மிஞ்சுகிற குஞ்சு யாரிடம் கற்கும்?

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓங்கிலைக் காத்தால் ஆறு பிழைக்கும், கூவத்தைப் பறிகொடுத்த சென்னைக்காரர்களுக்கு இது தெரியாதா என்று கேட்டார்கள். தெரியும். நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு எங்கிருந்து வருகிறது? பவானி நீலகிரியில் பிறக்கிறது. மோயாறும் அங்கேதான். சோலை என்பது மழையைக் குடித்துவைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிற காடு. மோயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது, காவிரி கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையில் நின்று, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்கு வருகிறது. இந்த மேடையில் என் முன்னால் வைத்திருக்கும் டம்ளரில் அந்தத் தண்ணீரும் கலந்திருக்கலாம். அந்த ஆற்றின் தலைமாட்டில் இருட்டுப் புதருக்குள் உட்கார்ந்து பாடுகிறது சோலைக்கிளி. ஆற்றைக் காட்டி எங்களை மடக்கப் பார்த்தீர்கள், அந்த ஆறே எங்கள் அணிக்காரர் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது.

நேரம் ஆகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. கடைசியாக என் வீட்டுக் கதை.

நான் இருப்பது மந்தைவெளி. எதிர்வீட்டில் ஒரு மாமரம் இருந்தது. அதில் ஒரு குண்டுகரிச்சான், வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்குமே, கறுப்பு வெள்ளையாக, அது. எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் இன்னொன்று. காலை நாலரை மணிக்கு, பால்காரர் வருவதற்கு முன், இரண்டும் தெருவுக்குக் குறுக்கே ஆரம்பிக்கும். அது ஒரு வரி, இது ஒரு வரி. நான் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தப் பாட்டில்தான். இந்த இனம் நம் ஊரில் ஆபத்தில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சிங்கப்பூரில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து 1970களில் அநேகமாக இல்லாமலே போய், பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஜூன் மாதம், ஒரு குஞ்சு எங்கள் முருங்கை மரத்துக்கு வந்தது. மார்பெல்லாம் புள்ளி, வால் முழுசாக வளரவில்லை. தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுக்கும். கிழவன் மாமரத்தில் பாடி முடித்ததும் இது ஆரம்பிக்கும். முதல் இரண்டு சுரம் சரியாக வரும், மூன்றாவதில் சறுக்கும். நிறுத்திவிடும். தலையைச் சாய்த்துக் கேட்கும். மறுபடி. மாடிப்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, பத்துப் பதினைந்து நாள் நான் அந்தப் பாடத்தைக் கேட்டேன். ஒரு நாள் காலை மூன்றாவது சுரம் விழுந்தது. என் அம்மா சமையலறையிலிருந்து, "வந்துடுத்துடி" என்றார்.

அடுத்த வருடம் எதிர்வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். மாமரம் ஒரே காலையில் போயிற்று. போன வருடமும் முருங்கை மரத்துக்கு ஒரு குஞ்சு வந்தது.

என் கைபேசியில் இரண்டு பதிவு வைத்திருக்கிறேன். ஒன்று மாமரம் இருந்த வருடம், ஒன்று போன வருடம். ஒவ்வொன்றும் அரை நிமிடம்தான். நடுவர் அனுமதித்தால், இனி நான் பேசவில்லை. மைக்கின் பக்கத்தில் வைக்கிறேன். மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள், ஐயா.